அருவ ஓவியத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உருவத்தப் புடிக்க ஒரு வழி

மட்டக்களப்பு கல்லடியில இருக்கிற விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் மாதிரி இடத்துல ஓவியக் கண்காட்சி எண்டு போனா, வளஞ்சு நெளிஞ்சு ஓடுற கலர் மட்டும் தெரியிற படத்துக்கிட்டப் போய் மூக்க வெச்சுப் பாக்காதீங்க, ஒண்டும் விளங்காது. நல்லாத் தள்ளி நிண்டு கண்ணப் பாதி மூடிப் பாருங்க, சின்னச் சின்னக் கீறலெல்லாம் மங்கி இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும், அப்பதான் குனிஞ்சு நிக்கிற பொம்புள, மீன், பறவ எண்டு ஒண்டொண்டா வெளிய வரும்.

இன்னும் லேசான வழி, போன்ல ஒரு போட்டோ எடுத்து (கேட்டுட்டு எடுங்க, சில இடத்துல விடமாட்டாங்க) கறுப்பு வெள்ளையாக்கித் தலகீழாத் திருப்பிப் பாருங்க. கண்ண இழுக்கிறது கலர்தான், அது போனா கோடு எங்க தொடங்கி எங்க வளையுதெண்டு தெரியும். அருவ ஓவியத்துக்கு முன்னோடியான ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியே தன்ட படம் ஒண்டு சுவரோட பக்கவாட்டுல சாஞ்சு நிண்டதப் பாத்துட்டு, அது என்ன படமெண்டு தெரியாம அசந்துபோன கதைய 1913ல எழுதியிருக்கார்.

பிறகு, தலைப்பக் கடைசியா வாசிங்க. சின்னப் புள்ளையள் கூட வந்தா அவங்களுக்கு என்ன தெரியுதெண்டு முதல்ல கேளுங்க, நமக்குப் படாததெல்லாம் சொல்லுவாங்க.