பழைய யூனிக்ஸ் இயந்திரம் வாங்கும் முன்

ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், சன்னின் (இப்போது ஆரக்கிளின்) சோலாரிஸ், எச்பியின் எச்பி-யூஎக்ஸ் போன்ற வணிக யூனிக்ஸ் இயங்குதளங்களைப் பழகிப் பார்க்க ஆசைப்படும் பலர் முதலில் தேடுவது ஒரு பழைய சர்வரை. குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பெட்டி உங்களுடையதாக இருக்கலாம். அதில் ஓடும் மென்பொருளின் உரிமம், நிறுவல் டிஸ்க், பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் திருத்தம்) எல்லாம் தனித்தனி விஷயங்கள். முதலில் இந்த மூன்றையும் விசாரியுங்கள். இயந்திரம் அப்புறம்.

ஐபிஎம்மின் பவர் சர்வர்களில் இது இன்னும் முக்கியம். பவர்8 வரிசையில் எஸ்822 மாடலில் ஏஐஎக்ஸ் ஓடும். அதன் பெயரோடு ஒரு 'எல்' சேர்ந்து எஸ்822எல் ஆகிவிட்டால் அது லினக்ஸுக்கு மட்டுமானது. மாடல் சரியாக அமைந்தாலும், புராசசர் கோர்களும், சில மாடல்களில் மெமரியும், வேலை செய்ய அந்த இயந்திரத்தின் வரிசை எண்ணுக்கென்றே தரப்பட்ட ஆக்டிவேஷன் குறியீடுகள் வேண்டும். எத்தனை கோர்கள் திறந்திருக்கின்றன என்று விற்பவரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏஐஎக்ஸ் கட்டளைகளைப் பழகுவது மட்டுமே நோக்கம் என்றால், ஐபிஎம் கிளவுடில் சில மணி நேரம் வாடகைக்கு எடுப்பதே போதும்.

சோலாரிஸ் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. அது அடியோடு மூடிவிட்டது என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு, முழுக்க இலவசம் என்று நம்புகிறவர்களும் உண்டு. சோலாரிஸ் 11.4-இன் சிபிஇ (காமன் பில்ட் என்விரான்மென்ட்) பதிப்பை 2022-இல் ஆரக்கிள் வெளியிட்டது. சொந்தப் பழக்கத்துக்கும் திறமூல மேம்பாட்டுக்கும் இலவசம். நிறுவன வேலைக்கு அல்ல. சாதாரண பிசியில் மெய்நிகர் இயந்திரமாக ஓடுவதால், புதியவருக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சோலாரிஸின் திறமூல வடிவமான ஓப்பன்சோலாரிஸிலிருந்து கிளைத்து 2010-இல் தொடங்கிய இல்லுமோஸை 'அசல் இல்லை' என்று தள்ளுவதும் தவறுதான். சோலாரிஸின் இசட்எஃப்எஸ் (கோப்பு முறைமை), டிடிரேஸ் (ஓடும் நிரல்களை ஆராயும் கருவி), சோன்ஸ் (ஒரே இயந்திரத்தில் தனித்தனிச் சூழல்கள்) மூன்றும் அங்கே உயிரோடு இருக்கின்றன. இல்லுமோஸ் மேல் கட்டிய ஓப்பன்இண்டியானா, ஆம்னிஓஎஸ் இரண்டையும் யாரும் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம்.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பு எச்பி-யூஎக்ஸில் செல்லாது. அது ஓடும் இட்டானியம் சில்லுகளின் விநியோகம் 2021-இல் நின்றது. 11ஐ வி3 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பரோடு முடிந்தது. இன்னொன்று: அதனோடு வரும் சி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மறுபடி கட்டுவதற்கு மட்டும்தான். முழுமையான கம்பைலர் தனி விற்பனை. அதை யோசிக்காமல் வாங்கினால் நிரல் எழுதக்கூட வழியில்லாமல் நிற்பீர்கள்.

எஸ்ஜிஐ நிறுவனத்தின் யூனிக்ஸான ஐரிக்ஸுக்கு 2006-க்குப் பிறகு புதிய பதிப்பே காணவில்லை. அதை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம்; உள் வலையமைப்பிலேயே இருக்கட்டும். பழைய சன் பணிநிலையங்களில் கவனிக்க வேண்டியது, அடிப்படை அமைப்புகளைச் சேமித்து வைக்கும் என்விரேம் சில்லு. அதனுள்ளேயே இருக்கும் பேட்டரி தீர்ந்தால் ஈத்தர்நெட் முகவரியும் ஹோஸ்ட்ஐடியும் (இயந்திரத்தின் அடையாள எண்) அழிந்துவிடும். ஹோஸ்ட்ஐடியை நம்பிய மென்பொருள் உரிமங்களும் அதோடு வேலை செய்யாது. இயந்திரம் முதல் முறை உயிர்பெறும்போதே இரண்டையும் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது, வாங்கிய அன்றே டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவுவது. பழைய உரிமையாளர் நிறுவிய கம்பைலரும், இன்று எங்கும் இறக்க முடியாத பேட்ச்களும் அதில் இருக்கக்கூடும். முதலில் டிடி (dd) கட்டளையால் முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.