அரிசியில் செலினியம் குறைவாகவே வந்தது: சரிசெய்த விதம்

செலினியம் செறிவூட்டிய அரிசியை, செலினியத்தை வாயுவாக மாற்றி அளக்கும் ஹைட்ரைடு முறையில், அணு ஒளிர்வுக் கருவியில் சோதித்தோம். எந்த மாதிரியை வைத்தாலும் அளவு குறைவு. அமிலத்தில் செரித்து (சிதைத்துக் கரைத்து) முடித்த கரைசலில் செலினைட்டை, அதாவது ஹைட்ரைடு தரும் செலினிய வடிவத்தை, சேர்த்துப் பார்த்தால் மட்டும் அது முழுதாகத் திரும்பக் கிடைத்தது. சரி, கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியான, சான்றளிக்கப்பட்ட அரிசி மாவு 1568பி-யில் கிலோவுக்கு 0.365 மில்லிகிராம் இருக்க வேண்டும்; அதுவும் இறங்கியே வந்தது. ஆக, கோளாறு செரிப்பில்.

அரிசியில் செலினியம் பெரும்பாலும் செலினோமெத்தியோனின் என்ற அமினோ அமிலமாகப் புரதத்துக்குள் இருக்கும். லேசில் உடையாது. திறந்த பாத்திரத்தில் நைட்ரிக் அமிலம் தண்ணீர்போலத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவை நம்பவே கூடாது. மூடிய மைக்ரோவேவ் கலனுக்கு மாறி, நைட்ரிக் அமிலத்துடன் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, சுமார் 200 டிகிரி வரை ஏற்றினோம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். செரிப்பில் செலினேட்டாக (கூடுதலாக ஆக்சிஜனேற்றப்பட்ட வடிவமாக) மாறிய பங்கு ஹைட்ரைடே தராது. அதைச் செலினைட்டாக மாற்ற, முதலில் பழுப்புப் புகை அடங்கும்வரை அமிலத்தை மெதுவாக ஆவியாக்கினோம். அடி காய விட்டால் செலினியமும் கூடவே பறந்துவிடும். பிறகு 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 90 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம் சூடாக்கியதும் அது செலினைட்டாகத் திரும்பியது. மாவின் அளவு சான்று எல்லைக்குள் வந்தது, மாதிரிகளும் ஏறின.

ஐசிபி-எம்எஸ் (ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறைப்படி அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் படி வேண்டாம். அங்கே தொல்லை வேறு: செலினியத்தை அளக்கும் நிறை 78, 80 இரண்டிலும் ஆர்கான் ஜோடி (இரண்டு ஆர்கான் அணுக்கள் சேர்ந்த அயனி) வந்து உட்கார்ந்துகொள்ளும், ஹைட்ரஜன் வாயு செலுத்தி விரட்டலாம்.