பழைய பாயின்ட் டூடூ வாங்கும்போது முதலில் ஓரங்களைப் பாருங்கள்

கல்லூரி நாட்களில் என்சிசி முகாமில் ஐந்து தோட்டா கொடுத்தார்கள். ஒன்றுதான் அட்டையில் பட்டது. முப்பது வருடம் கழித்து, ஒஹாயோவில் என் வீட்டு இரும்பு அலமாரியில் அதே பாயின்ட் டூடூ (.22 அங்குலக் குறுக்களவு) தோட்டாவைச் சுடும் ஒன்பது பழைய ரைஃபிள்கள் நிற்கின்றன. எல்லாமே வின்செஸ்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தயாரிப்பு, அதில் ஆறு மாடல் 61. "நானும் சேர்க்கலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே அனுமதி இல்லை. நான் கிரீன் கார்டு வரும்வரை துப்பாக்கிக் கண்காட்சிகளில் வேடிக்கை மட்டும் பார்த்தேன். அந்த வருடங்களில்தான் கண் பழகியது. கடையில் வாங்கினால் படிவம் 4473 என்ற அரசாங்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்று தனி உரிமம் ஒன்று இருக்கிறது, மூன்று வருடத்துக்கு 30 டாலர். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏதாவது ஒரு மாடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டதையெல்லாம் வாங்கினால் எதிலும் கண் தேறாது. நான் பிடித்தது 61. 1932 முதல் 1963 வரை சுமார் 3,42,000 செய்திருக்கிறார்கள், அதனால் கிடைக்காமல் போகாது. ஆனால் புதுக் கருக்கு மாறாத ஒன்று கிடைப்பது கஷ்டம். பாயின்ட் டூடூ அந்தக் காலத்துப் பண்ணைப் பையன்களின் துப்பாக்கி. எலி, அணில், காலி டப்பா எல்லாவற்றையும் சுட்டுவிட்டுத் தானியக் கொட்டகையின் மூலையில் சாய்த்து வைத்துவிடுவார்கள். 1920களின் பிற்பகுதிக்கு முன் வந்த தோட்டாக்களில் இன்னொரு சனியன்: விளிம்புக்குள் இருக்கும், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து எரிந்ததும் உப்பைக் குழலுக்குள் விட்டுப்போகும். அன்றே துடைக்காவிட்டால் துரு. வின்செஸ்டரின் இன்னும் பழைய 1890 மாடல் வெளியே பளபளத்தாலும் உள்ளே புகைக்கூண்டு மாதிரி இருப்பதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் 61-ஐ ஒரு கண்காட்சியில் 900 டாலருக்கு வாங்கினேன். கண்ணாடி மாதிரிக் கறுப்பு, ஒரு கீறல் இல்லை. இருபது வருடம் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்த இரும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்தபோதுதான் தெரிந்தது, பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் புளூயிங் (இரும்பைக் கறுப்பாக்கும் ரசாயனப் பூச்சு) ஏற்றியிருக்கிறார்கள். விற்றபோது 400 கூடத் தேறவில்லை.

ஆகவே இப்போது துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்கிறேன். குழாய் மேகசினுக்குள் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். அடுத்தது ரிசீவரின், அதாவது குழல் வந்து சேரும் இரும்பு உடம்பின், ஓரங்கள். தொழிற்சாலை ஓரம் விரலில் சுருக்கென்று தட்டும், தேய்த்தது வழவழவென்று நழுவும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தாலும், குழலில் அடித்த எழுத்துகள் மங்கியிருந்தாலும், துருக்குழியின் மேலேயே புளூயிங் ஏறியிருந்தாலும் சந்தேகமே வேண்டாம், வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துச் சோதனை முத்திரையை லென்ஸில் பாருங்கள். புளூயிங்குக்குப் பிறகு அடித்த முத்திரை என்பதால், அதைச் சுற்றி வெள்ளி மின்னல் போல ஒரு விளிம்பு தெரிய வேண்டும்.

மரத்தையும் விடாதீர்கள். இரும்பைச் சேரும் இடத்தில் மரம் மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார். ஸ்க்ரூ தலைக் காடி சிதைந்திருந்தால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள். 61 ஒரே ஸ்க்ரூவில் இரண்டாகப் பிரியும்; இரண்டு பாதியிலும் சீரியல் எண் ஒன்றுதானா பாருங்கள். கண்காட்சியில் மேசை போட்டு விற்பவரைக் கேட்காமல் மட்டும் பிரித்துவிடாதீர்கள், முகம் சுளிப்பார்.

பாகங்கள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்பது அடுத்த கேள்வி. உலகப் போருக்கு முந்தைய 61-இல் முன்கைப்பிடி சிறியது, பிற்பாடு பெரிதானது. டெலஸ்கோப் மாட்டும் காடி 1950களில்தான் ரிசீவரின் மேல் வந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் யாராவது துளை போட்டு டெலஸ்கோப் மாட்டியிருப்பார்கள். துளையை எவ்வளவு அழகாக அடைத்திருந்தாலும் விலையில் பாதி போச்சு.

ரிம்ஃபயருக்கே, அதாவது விளிம்பில் அடித்தால் வெடிக்கும் இந்தத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கே, உரிய நோய்கள் இரண்டு. தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடினால், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின் போய்ச் சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) வாயில் குத்தும். ஒரு சின்னப் பள்ளம் விழும். மற்றது, ஷார்ட் என்ற குட்டையான தோட்டாவை மட்டுமே வருடக்கணக்கில் சுட்ட துப்பாக்கி. சேம்பருக்குள் மோதிரம் போல அரிப்பு விழுந்து, நீளமான லாங் ரைஃபிள் தோட்டாவின் காலி உறை பிதுங்கி ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பேனா டார்ச்சும் பொறுமையும் இருந்தால் பார்த்துவிடலாம். குழலின் முன்வாயையும் கவனியுங்கள். துடைக்கும் கம்பி உரசி உரசி அங்கே தேய்ந்திருக்கும்.

அசல் அட்டைப்பெட்டி, தொங்கும் சீட்டோடு வந்தால் விலை எகிறும், போலிப் பெட்டிகளும் வரும். பெட்டிக்காகத் தனியாகக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஃபோம் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எண்ணெயை ஊற்றாமல் ஒரு துளியைத் துணியில் தடவித் துடையுங்கள். அலமாரியில் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மெல்ல இறங்கி மரத்தைக் கறுப்பாக்கி மிருதுவாக்கிவிடும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும். யாரிடம் காட்டினாலும் பருத்திக் கையுறை போட்டுத்தான் கொடுக்கிறேன். ஆறில் ஐந்து 61-ஐ நான் சுட்டதே இல்லை. ஆறாவது, மரப்பிடியில் யாரோ கத்தியால் இனிஷியல் கீறி வைத்தது. கோடையில் காலி டப்பா சுட அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன்.