வான்கோழி இருபது கஜத்துக்குள் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

மூன்று வசந்தங்களாக பென்சில்வேனியா காடுகளில் வான்கோழி வேட்டைக்குப் போய்வருகிறேன். முதல் இரண்டு வருடமும் வெறுங்கையோடுதான் வீடு திரும்பினேன். பறவை வராமல் இல்லை, வந்தது. ஒருமுறை எட்டு கஜத்தில் வந்து நின்றது. கல்லை விட்டெறிந்தால்கூடப் பட்டிருக்கும், நான் துப்பாக்கியால் சுட்டும் படவில்லை. பறவையை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது வந்து நின்றபின் கடைசி இருபது கஜத்தில் என்ன செய்வது என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சி வகுப்பு, உரிமம், துப்பாக்கிப் பாதுகாப்பு எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அந்தத் தடைக்கான விலக்குகளில் ஒன்று. நண்பருடைய துப்பாக்கியை ஒரு மணி நேரம் இரவல் வாங்கினாலும் இதே கதைதான். உரிமத்தை முதலில் எடுங்கள், சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்.

பென்சில்வேனியாவின் வசந்த கால விதிகளில் மூன்றை மறக்கக்கூடாது. தாடி (நெஞ்சிலிருந்து முடிக்கற்றைபோலத் தொங்குவது) உள்ள பறவையை மட்டுமே சுடலாம். கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுட வேண்டும், பதுங்கிப் பின்தொடர்ந்து போகக்கூடாது. முதல் பாதி சீசனில் நண்பகலோடு வேட்டை முடிந்துவிடும். மற்ற மாநிலங்களில் விதி வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதல் நாள் மாலையே தூங்கும் மரத்தைக் கண்டுபிடியுங்கள்

வான்கோழி இரவில் மரத்தில் ஏறித் தூங்கும். இருட்டும் நேரத்தில் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தால், சேவல் தன்னையறியாமல் பதிலுக்குக் கத்திவிடும். தொண்டைக்குள் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டது போன்ற சத்தம் அது. ஆந்தைதான் வேண்டும் என்றுகூட இல்லை. காக்கை, இடி, கார் கதவை அறைந்து சாத்தும் சத்தம், எதற்கும் கத்தும். பெர்ரி கவுண்டியில் ஒருநாள் நான் காரைப் பூட்டியதற்கே மலைச்சரிவிலிருந்து பதில் வந்தது.

இடம் தெரிந்ததும் பேசாமல் திரும்பிவிடுங்கள். மறுநாள் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, அந்த மரத்திலிருந்து நூறு நூற்றைம்பது கஜம் தள்ளிப் போய் உட்காருங்கள்.

படி 2: உட்காரும் இடம்

உங்கள் தோளைவிட அகலமான மரம். முதுகு முழுக்க அதில் சாய்ந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது தவறுதலாகச் சுட்டாலும் மரம் தாங்கிக்கொள்ளும், உங்கள் உருவமும் அடிமரத்தோடு கலந்துவிடும். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். வேறு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று நினைத்துவிடுவார், அதனால் இந்த மூன்று நிறங்களும் உடம்பில் எங்கேயும் தெரியக்கூடாது. காலுறையும் கைக்குட்டையும் இதில் சேர்த்தி. இன்னொரு வேட்டைக்காரர் வருவதைப் பார்த்தால் கையசைக்காதீர்கள், வான்கோழி மாதிரி குரலும் கொடுக்காதீர்கள். சாதாரண மனிதக் குரலில், சத்தமாக, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

வலது கைக்காரர் என்றால் இடது தோள் பறவை வரும் திசையைப் பார்க்கும்படி உட்காருங்கள். அப்போதுதான் துப்பாக்கியை அதிகத் தூரம் திருப்ப முடியும். சின்ன மெத்தை ஒன்றை மறக்க வேண்டாம். அது சொகுசுக்கு இல்லை. மரத்துப்போன பின்பக்கம்தான் மனிதனை அசைய வைக்கிறது.

உண்ணிக்கு மருந்தடித்த உடை கட்டாயம். லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் இதுவும் ஒன்று.

படி 3: கூப்பிடுவது

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. புதியவர்கள் பெட்டி வடிவ மரக்கருவியில் தொடங்குங்கள். சாக்பீஸ் தடவிய மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். பத்து நிமிடத்தில் பழகிவிடலாம், தூரத்துக்கும் கேட்கும். வட்டத் தட்டில் குச்சியை உரசும் ஸ்லேட் கருவியின் சத்தம் இன்னும் இனிமையானது, ஆனால் நனைந்தால் பேசாது. வாய்க்குள் வைத்து ஊதும் ரப்பர் சவ்வை அனுபவசாலிகள் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு முதல் ஒரு மாதம் குமட்டல்தான் வந்தது. அலுவலகம் போகும் வழியில் காரில் பழகினேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஆனாலும் அந்தச் சவ்வைப் பழகத்தான் வேண்டும். பெட்டிக்கும் ஸ்லேட்டுக்கும் இரண்டு கையும் தேவை. பறவை ஐம்பது கஜத்துக்குள் வந்தபின் கை அசைந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

இன்னொன்று, குறைவாகக் கூப்பிடுங்கள். இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் தோகையை விரித்துக் காட்டும், பெட்டைதான் நடந்து வரும். நீங்கள் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறீர்கள். ஓயாமல் கூப்பிட்டால், "இவ்வளவு ஆசையாக இருப்பவள் தானே வருவாள்" என்று அது அங்கேயே நின்றுவிடும். அது ஒருமுறை பதில் கொடுத்து, பிறகு நெருங்கி வந்து இன்னொரு முறை கொடுத்தால், நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் சேவல் பெட்டைகளோடு போய்விட்டால் மனம் தளர வேண்டாம். ஒன்பது பத்து மணிக்குப் பெட்டைகள் முட்டையிடப் போய்விடும். சேவல் தனியாகத் திரியும் நேரம் அது. நான் வெற்றிபெற்றதும் அந்த நேரத்தில்தான்.

படி 4: துப்பாக்கியைத் தூக்கும் தருணம்

நான் கவிழ்ந்த இடம் இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

வான்கோழிக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாது. மான் வேட்டைக்காரர்கள் மாதிரி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பார்வை இருக்கிறதே! கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கழுத்தைத் திருப்பாமலே சுமார் 270 பாகை தெரியும். லேசாகத் திருப்பினால் சுற்றுவட்டம் முழுவதும் தெரியும். நிறங்களையும் நன்றாகப் பிரித்துப் பார்க்கும்.

மயிலைப் பார்த்துத் தானும் ஆடிய அசட்டுப் பறவை என்று பள்ளியில் படித்தோம். காட்டில் பார்த்தால் அந்த எண்ணம் ஓடிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தப் பறவையே இல்லாமல் போயிருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1950களில் வெடிமருந்தால் வலையை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டபின்தான் பெருகின. இன்று அலாஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் வேட்டை சீசன் நடக்கிறது. உங்கள் எதிரே வந்து நிற்பது அந்தக் காட்டுப் பறவைகளின் வம்சம்.

என் இரண்டாவது வசந்தத்தில் காலை ஒன்பதரை மணி. காய்ந்த ஓக் இலைகளின் மேல் மனிதன் நடப்பது போன்ற சத்தம். வேறு வேட்டைக்காரர் என்று நினைத்தேன். வந்தது ஒரு பெட்டை. நேராக நடந்து வந்து, என் பூட்ஸிலிருந்து நாலடி தூரத்தில் நின்று, கயிற்று முடிச்சைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. இமையின் ஓரத்து மடிப்புகூடத் தெரிந்தது. அப்போது அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு சத்தம். துப்புவது போல ஒரு "ஃப்ட்", தொடர்ந்து "தும்ம்ம்" என்று ஓர் அதிர்வு. பக்கத்துத் தெருவில் லாரியின் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தியிருப்பதுபோல, காதில் பாதி, நெஞ்சில் பாதி. சேவல் தோகையை விரித்து உறுமும் சத்தம் அது. மிக அருகில் வந்தால்தான் கேட்கும்.

துப்பாக்கி என் மடியில் கிடந்தது. முதல் தவறு அதுதான். சேவல் இருபத்தைந்து கஜத்தில் புதரைவிட்டு வெளியே வந்ததும் துப்பாக்கியைத் தூக்கினேன், மெதுவாகத்தான். பெட்டை "புட்" என்றது, ஒரே ஒருமுறை. அது அபாயக் குரல். அடுத்த நொடி இரண்டும் இல்லை.

இப்போது நான் செய்வது:

- உட்கார்ந்ததுமே முழங்காலை மடக்கி, துப்பாக்கியை அதன்மேல் வைத்து, அதன் பின்கட்டையைத் தோளில் பொருத்திவிடுவேன். பறவை வருமுன் வேலை முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும்.
- அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நேரம் மட்டுமே அசைவேன். புதர் போதாது, இடுக்கு வழியாகப் பார்த்துவிடும்.
- தோகையை விரித்தபடி முதுகைக் காட்டித் திரும்பினால் அதன் விசிறியே அதன் கண்ணை மறைக்கும். அந்த இரண்டு மூன்று நொடி உங்களுடையது. பக்கத்தில் பெட்டை இருந்தால் இதுவும் செல்லாது.
- கழுத்தைக் குச்சிபோல நீட்டி நின்றால் எச்சில்கூட விழுங்காதீர்கள்.

வலது பக்கமாக, எதிர்பாராத திசையில் வந்தால்? விட்டுவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். திரும்பி இரண்டு பறவைகளை இழந்திருக்கிறேன். திரும்பாமல் இருந்ததில் ஒன்று சுற்றிக்கொண்டு எதிரேயே வந்தது.

படி 5: ரொம்பப் பக்கத்தில் வந்தால் ஆபத்து, உங்களுக்கு

எட்டு கஜத்துக் கதை இதுதான். ஷாட்கன் ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைத் தூவும், குழல் முனையைக் குறுக்கும் சோக் அவை சிதறுவதைக் குறைக்கும். வான்கோழிக்கென்று இறுக்கிய சோக் பொருத்தினால் குண்டுகள் பத்து கஜத்தில் ஒரு சாத்துக்குடி அளவுக்குள் போகும். இருபது கஜத்தில் சாப்பாட்டுத் தட்டு. நாற்பதில் ஒரு முறம். கிட்டே வந்தால் சுலபம் என்று நினைத்தேன். அசையும் ஒரு மெல்லிய கழுத்தைச் சாத்துக்குடியால் அடிக்க வேண்டியிருந்தது.

அதோடு இன்னொரு தவறு. பறவையை நன்றாகப் பார்க்கும் ஆசையில் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிவிட்டேன். கன்னம் மேலே போனால் குழலும் மேலே பார்க்கும், குண்டு தலைக்கு மேலே பறக்கும். அப்படியே பறந்தது.

சீசனுக்கு முன்னால் பத்து, இருபது, நாற்பது கஜங்களில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். முடிந்தால் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி ஒன்று பொருத்துங்கள். கன்னம் கொஞ்சம் விலகினாலும் அது பொய் சொல்லாது. இருபது கேஜ் துப்பாக்கியே போதும் (கேஜ் என்பது குழல் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது). பன்னிரண்டு கேஜின் உதையைத் தோளில் வாங்கி நிரூபிக்க ஒன்றுமில்லை.

குறி, கழுத்தில் இறகு தொடங்கும் இடம். உடம்பில் சுடவே கூடாது, காயத்தோடு பறந்துபோய் எங்கோ செத்துக் கிடக்கும். தோகை விரித்திருக்கும்போது கழுத்து சுருங்கியிருக்கும். வாய்ச் சவ்வில் "கிளக்" என்று பெட்டையின் குட்டைக் குரல் ஒன்றைக் கொடுத்தால் தலையைத் தூக்கும். தாடியும் முழுப் பறவையும் கண்ணுக்குத் தெரிந்தபின்தான் விசையில் விரல். சத்தத்தை வைத்துச் சுடாதீர்கள், அங்கே கூப்பிடுவது இன்னொரு மனிதராக இருக்கலாம்.

சேர்க்கை 1: கண்ணாடி போடுபவர்கள் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். முகமூடி போட்டால் மூச்சுக்காற்றில் கண்ணாடி பனிமூட்டமாகிறது. எனக்கும் அதே தொல்லைதான். முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, மூக்கிலும் கன்னத்திலும் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். தொப்பியின் முனையைத் தாழ்த்தினால் கண்ணாடியில் வெயில் மின்னாது.

சேர்க்கை 2: அறுபது கஜத்தில் நின்று வரவே மாட்டேன் என்கிறது என்றார் ஒருவர். இடையில் ஓடையோ, வேலியோ, அடர்ந்த புதரோ இருக்கிறதா என்று பாருங்கள். பறந்து தாண்ட அதற்கு ஒரு நொடி போதும், ஆனாலும் பல நேரம் தாண்டாது. இல்லையென்றால், எழாமல், கையால் இலைகளைச் சரசரவென்று கிளறுங்கள், பெட்டை மேய்வதுபோல.

சேர்க்கை 3: பொம்மைப் பெட்டை வைக்கலாமா? சேவலின் கவனம் பொம்மைமேல் போவதால் உங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பொதுக்காட்டில் நான் வைப்பதை விட்டுவிட்டேன். தூக்கிக்கொண்டு நடக்கும்போது துணிப்பைக்குள் முழுக்க மறைத்திருக்க வேண்டும். விரித்த வால் விசிறியைக் கையில் பிடித்து, அதன் பின்னால் தவழ்ந்து போகும் காணொளிகளைப் பார்த்து யாரும் முயல வேண்டாம். நீங்களே வான்கோழி ஆகிவிடுவீர்கள்.

படி 6: சுட்டபின்

சேஃப்டியைப் போட்டுவிட்டு நடந்து போங்கள், ஓடாதீர்கள். செத்த பறவையும் சில நொடிகள் சிறகடிக்கும், காலில் உள்ள முள் கையைக் கிழித்துவிடும். நகர்த்துமுன் உரிமச் சீட்டை எழுதிப் பறவையில் கட்டிவிடுங்கள்.

போன மே மாதம் எனக்குக் கிடைத்தது இருபத்திரண்டு கஜத்தில். முதுகைக் காட்டித் திரும்பியபோது துப்பாக்கியைச் சரிசெய்தேன், ஒரு "கிளக்", தலை எழுந்தது. நெஞ்சுக்கறி மிளகு வறுவலுக்கு அருமை, சீக்கிரம் வெந்துவிடும். கால் மட்டும் வேறு ரகம். நாட்டுக்கோழிக் கணக்கில் ஆறு விசில் வைத்தோம், ரப்பர் மாதிரி இருந்தது. பதினைந்து வையுங்கள்.