வீட்டுக் கணினிக்கு இரண்டாவது வன்தட்டு: தெரிவும் பொருத்தலும்

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கூத்து களரியேறினால் விடியும்வரை நடக்கும். அதை முழுவதுமாகக் கைப்பேசியில் பதிவு செய்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன். முழு எச்.டி. தரத்தில் நிமிடத்துக்கு 130 மெகாபைட் வரை இடம் பிடிக்கும் என்பதால், பத்து மணித்தியாலக் கூத்தொன்று எண்பது கிகாபைட்டை நெருங்கிவிடும். 500 கிகாபைட் வன்தட்டுள்ள வீட்டுக் கணினியில், விண்டோஸும் பிள்ளைகளின் உயர்தர வகுப்புக் காணொளிகளும் எடுத்தது போக, இரண்டு மூன்று கூத்துகளுக்கே தட்டு நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டத் தொடங்கும். அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. மேசைக்கணினியாக இருந்தால் இரண்டாவது வன்தட்டொன்றை உள்ளே பூட்டிக்கொள்ளலாம். பூட்டுவதற்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் அரை மணித்தியாலமும் போதும். எதை வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கடைக்குப் போவதற்கு முன் கேசிங்கைத் திறந்து பார்ப்பது நல்லது. கணினியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பின், பின்பக்கத்தில் பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூ ஆணிகளைக் கழற்றினால் தகடு பின்னோக்கி வழுக்கி வந்துவிடும். உள்ளே மூன்று விடயங்களைத் தேட வேண்டும். முதலாவது, தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) வெறுமையாக இருக்கும் சாட்டா போர்ட், அதாவது தட்டின் தரவு வயரைச் செருகும் வாய். ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் சிறு பிளவுடன், பெரும்பாலும் பலகையின் ஓரத்தில், இரண்டாகவோ நான்காகவோ சேர்ந்திருக்கும். இரண்டாவது, பவர் சப்ளையிலிருந்து வரும் வயர்க்கட்டில் எதிலும் செருகப்படாமல் தொங்கும் தட்டையான சாட்டா மின் முனை. மூன்றாவது, தட்டை வைத்துப் பூட்டுவதற்கான கூடு. மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனால், கடைக்காரரிடம் கையால் அளந்து காட்டி விளக்க வேண்டிய தேவை வராது. அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் சிறிய கேசிங் கணினிகளில் மேலதிகக் கூடோ மின் முனையோ இல்லாமல் இருப்பது சாதாரணம், அவற்றுக்கு யூ.எஸ்.பி. வழியாக வெளியே இணைக்கும் தட்டுத்தான் வழி. இவ்வளவு தூரம் திறந்தவர்கள் தூசியையும் தட்டிவிடலாம். என் கணினியின் அடித்தட்டில் பல்லி முட்டையோடு இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றிகளும் கிடந்தன. குற்றிகள் எப்படி உள்ளே போயின என்பது இன்றுவரை விளங்கவில்லை.

வகையைப் பொறுத்தவரை, இன்று கடையில் மூன்று காட்டுவார்கள். சுழலும் தகடுகளைக் கொண்ட 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று. அசையும் பாகம் இல்லாத 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. இன்னொன்று; தாய்ப்பலகையிலேயே படுக்கையாகச் செருகும், சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்.எஸ்.டி. மூன்றாவது. ஹார்ட் டிஸ்க் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபைட் வரை வாசிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 550 அளவில் நிற்கும், என்.வி.எம்.ஈ. என்ற வேகமான இணைப்பு முறையில் இயங்கும் எம்.2 ஆயிரக்கணக்கில் போகும். இந்த எண்களைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. விண்டோஸ் இருக்கும் தட்டு இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், முதலில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுவதே உத்தமம். கணினி புதிது போல ஓடும். விண்டோஸ் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி.யில் இருந்து, காணொளியும் படமும் சேர்க்கத்தான் இடம் தேவையென்றால், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கே என் தெரிவு. ஒரு கிகாபைட்டுக்கு விழும் விலை அதில் குறைவு என்பதோடு, காணொளியை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அதன் வேகம் தாராளமாகப் போதும். எம்.2 வாங்க நினைப்பவர்கள் தாய்ப்பலகையின் கையேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். சில பலகைகளில் அந்தச் செருகியைப் பயன்படுத்தினால் சாட்டா போர்ட் ஒன்று செயலிழக்கும்.

ஹார்ட் டிஸ்க் வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: அது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்பது. சி.எம்.ஆர். தட்டில் தரவுத் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்.எம்.ஆர். தட்டில் அவை ஓட்டுக் கூரையின் ஓடுகள் போல ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறிக் கிடக்கும். இதனால் குறைந்த தகட்டில் கூடுதல் தரவு அடங்கும். ஆனால், நடுவில் ஓர் ஓட்டை மாற்றுவதற்குப் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டியிருப்பது போல, பழைய கோப்பின் இடத்தில் புதியதை எழுதும்போது அயல் தடங்களையும் திருப்பி எழுத வேண்டிவரும். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது சிறிது நேரத்தில் வேகம் விழுந்து, தட்டு பழுதாகிவிட்டதோ என்று எண்ணுமளவுக்கு இழுபடும். ஒருமுறை எழுதிவிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருப்பவருக்கு இது பெரிய குறையில்லை. காணொளியை வெட்டி ஒட்டித் தொகுப்பவருக்குத் தொல்லை. பெட்டியின் மேல் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை என்பதால், மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு உற்பத்தியாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குவது நன்று.

கொள்ளளவில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஒரு டெராபைட் என்பது மேலே சொன்ன கணக்கில் பன்னிரண்டு கூத்து இரவுகள்; இரண்டு டெராபைட்டின் விலை அதன் இருமடங்காக இருப்பதில்லை. ஒரு டெராபைட் தட்டை விண்டோஸ் 931 கிகாபைட் என்று காட்டும்போது கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், 'புதுசுதான், பெட்டி மட்டும் இல்லை' என்ற பேச்சை நம்பி ஒரு கடையில் இரண்டு டெராபைட் தட்டொன்றை வாங்கினேன். மேல் ஒட்டுத்தாள் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பார்த்தபோது, தட்டு ஓடிய மொத்த நேரம் 26,000 மணித்தியாலங்களைத் தாண்டியிருந்தது. இரவு பகலாக ஏறத்தாழ மூன்று வருடங்கள். பாதுகாப்புக் கமெராவின் பதிவுப் பெட்டியிலிருந்து கழற்றிய தட்டு என்பது என் ஊகம். அன்றிலிருந்து, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இணைத்து அந்த எண்ணைக் காட்டும்படி கேட்கிறேன். புதிய தட்டில் அது சுழியமாகவோ ஓரிரு மணித்தியாலமாகவோ இருக்கும். தட்டின் தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினால்தான் உத்தரவாதக் காலத்தில் மாற்றிக் கேட்க முடியும்.

இனிப் பொருத்துவது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிரூட்டிய கடையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ வெளியே எடுத்த தட்டில், குளிர்ந்த சோடாப் போத்தலில் படிவது போல, கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். ஆகவே பையைப் பிரிக்காமல் ஒரு மணித்தியாலம் அறையில் வைத்திருந்து, அதன் பின் வேலையைத் தொடங்குவது நல்லது. பல ஹார்ட் டிஸ்க்குகளின் மேல் காற்றுப் போகும் நுண்துளை ஒன்றும், அதை மூடாதீர்கள் என்ற குறிப்பும் இருக்கும். பெயரெழுதி ஒட்டும் தாளை அந்தத் துளையின் மேல் ஒட்டிவிடக் கூடாது.

உடலில் சேர்ந்து தட்டைப் பழுதாக்கக்கூடிய நிலைமின் பற்றிப் பெரிதாக அஞ்சத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றிய நிலையில், தட்டை எடுப்பதற்கு முன் கேசிங்கின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டால் போதும். ஆனால் கணினி ஓடும்போது கேசிங்கைத் தொட்டால் எறும்பு கடிப்பது போல இலேசாக 'ஷொக்' அடிக்கிறது என்று சொல்லும் வீடுகள் இங்கே அனேகம். எர்த் வயர் சரியாக இல்லாத வீட்டில், பவர் சப்ளையின் வடிகட்டிக் கொள்ளளவிகள் (கப்பாசிட்டர்கள்) வழியாக 230 வோல்ட்டின் பாதியளவு அழுத்தம் கேசிங்கில் ஏறி நிற்பதன் விளைவு அது. அப்படியான வீட்டில் தட்டு வாங்குவதற்கு முன் மின்வேலை செய்பவரை அழைத்து எர்த்தைச் சரிபார்க்க வேண்டும்.

தட்டைக் கூட்டினுள் செருகும்போது இணைப்பு முனைகள் தாய்ப்பலகைப் பக்கம் பார்க்கட்டும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு ஸ்குரூ ஆணிகளைப் பூட்ட வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் தட்டு அதிர்ந்து, கேசிங் முழுவதும் இரையும். 3.5 அங்குலத் தட்டுக்கு அகன்ற புரியுள்ள ஆணியும், 2.5 அங்குலத்துக்கு நெருக்கமான புரியுள்ள ஆணியும் உரியவை. விரலால் சுழலாத ஆணியை டிரைவரால் முறுக்கி உள்ளே அனுப்பக் கூடாது. பிறகு ஏழு தொடுமுனை கொண்ட ஒடுங்கிய தரவு வயரைத் தாய்ப்பலகையிலிருந்தும், பதினைந்து தொடுமுனை கொண்ட அகன்ற மின் வயரைப் பவர் சப்ளையிலிருந்தும் கொண்டுவந்து செருக வேண்டும். இரண்டுமே ஒரு பக்கமாக மட்டுமே போகும். போகாவிட்டால் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி அழுத்தக் கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்துவிட்டால் தட்டே வீண்தான். சாட்டா மின் முனை இல்லாமல் பழைய நான்கு முனை வயரிலிருந்து மாற்றி எடுப்பதாயின், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடிய மலிவான மாற்றி வேண்டாம். அதனுள் வயர்கள் நெருங்கித் தொடுகையுற்று எரிந்த சம்பவங்கள் உண்டு. தனித்தனி வயராகக் கவ்வியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கணினியைப் போட்டவுடன் புதிய தட்டு தானாகத் தோன்றாது; பலர் இந்த இடத்தில்தான் பதறித் தட்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், தட்டைத் தயார்படுத்தவா என்று கேட்கும். தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகள் இரண்டு காட்டும். ஜி.பி.டி. என்பதைத் தெரிவு செய்யுங்கள், பழைய எம்.பி.ஆர். முறை இரண்டு டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைக் கையாளாது. அடுத்து, கறுப்புப் பட்டையுடன் ஒதுக்கப்படாமல் கிடக்கும் பகுதியில் வலச்சொடுக்கிப் புதிய பகுதி உருவாக்கி, என்.டி.எஃப்.எஸ். முறையில் வடிவமைக்க வேண்டும். பழைய தட்டு சுழியம் என்றும் புதியது ஒன்று என்றும் இலக்கமிடப்பட்டிருக்கும் என்று நம்பி அவசரத்தில் சொடுக்கக் கூடாது. இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும். தட்டு அந்தத் திரையிலேயே தெரியாவிட்டால் தரவு வயரை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம்; விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸ் என்ற அமைப்பில் அந்தப் போர்ட் அணைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

வடிவமைக்கும்போது 'விரைவு' என்ற பெட்டியிலுள்ள சரிக்குறியை ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் நான் எடுத்துவிடுவேன். அப்போது விண்டோஸ் தட்டின் ஒவ்வொரு மூலையிலும் எழுதிப் பார்க்கும். இரண்டு டெராபைட்டுக்கு நான்கு மணித்தியாலம் அளவில் எடுக்கும் என்பதால், மின்வெட்டு இல்லாத இரவில் தொடங்கிவிட்டுப் படுக்கலாம். பழுதான தட்டு என்றால் கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே அது வெளிப்பட்டுவிடும்.

கோப்புகளைப் புதிய தட்டுக்கு வெட்டி ஒட்ட வேண்டாம். பிரதி செய்து, சில காணொளிகளை நடுவிலும் முடிவிலும் ஓடவிட்டுப் பார்த்த பின்பே பழையதை அழிக்க வேண்டும். மாரி காலத்து இடிமின்னலுக்கு முன் பிளக்கைக் கழற்றும் பழக்கமும், யூ.பி.எஸ். ஒன்றும் தட்டின் ஆயுளைக் கூட்டும்.

ஒரே கேசிங்கினுள் இருக்கும் இரண்டாவது தட்டு இடத்தைத்தான் தரும். காப்புப் பிரதி ஆகாது. ஒரே பவர் சப்ளை பழுதானால், அல்லது வெள்ளம் வந்தால், இரண்டும் சேர்ந்தே போகும். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையோர வீடுகளில் கலியாண அல்பங்கள் கடலோடு போனதைப் பார்த்தவன் என்பதால், திரும்ப எடுக்க முடியாத பதிவுகளின் இன்னொரு பிரதியை யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருக்கிறேன். நீண்ட காலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் எஸ்.எஸ்.டி. தரவை இழக்கக்கூடும் என்பதால் இதற்கு அதைப் பயன்படுத்தவில்லை. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், அது செங்கலடியில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வந்து புதிய பதிவுகளைச் சேர்த்து, சித்திரை வருடப்பிறப்புக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறேன்.