இரவுப் பாலை இரவுக்கே எடுத்து வையுங்கள்

காரைக்குடியில் வேலைக்குப் போகும் அம்மா தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுக் கிளம்ப, ஆயாவோ அப்பத்தாவோ பாலாடையில் புகட்டும் வீடுகளுக்கானது இது. நேரடியாக மார்பில் குடிக்கும் பிள்ளைக்கு வேளை பார்த்துப் பாலைப் பிரித்து வைக்கும் இந்தக் கணக்கே வேண்டாம். அந்தந்த வேளைப் பால் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

உறக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவுப் பாலில் ஏறும்; பகல் பாலில் அநேகமாக இருக்காது. விழிப்போடு சேர்ந்த கார்டிசால் என்ற ஹார்மோன் காலைப் பாலில் கூடுதல். பிறந்த பிள்ளைக்குச் சொந்த மெலடோனின் தாளம் பிடிபட ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதனால் அந்த 3 மாதமும் வேளை பார்த்துக் கொடுப்பது நல்லது. நோயை எதிர்க்கும் ஐஜிஏ, லாக்டோஃபெரின் என்ற புரதங்கள் எல்லா வேளைப் பாலிலும் உண்டு. சீம்பாலில் மிக அதிகம். எந்த வேளைப் பாலையும் கீழே ஊற்றாதீர்கள். பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதும் வேண்டாம், முதலில் சீம்பால்தான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறிய, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் 60 முதல் 90 மில்லி வரை பிடியுங்கள். தேதியோடு வேளையையும் ஒட்டுங்கள்: காலை 5 முதல் 10 வரை ‘காலை’, மாலை 6 வரை ‘பகல்’, பிறகு விடியும் வரை ‘இரவு’. வேளை மாறிய பாலை ஒரே புட்டியில் சேர்க்காதீர்கள். ஒரே வேளைப் பாலைச் சேர்ப்பதானாலும், புதிதாகப் பீய்ச்சியதைக் குளிர வைத்த பிறகே பழையதில் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் குளிர்ந்த பாலும் வெதுவெதுப்பாகிக் கிருமி பெருகும்.

பால் வெளியில் 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குள் உள்ள அறைக்குச் சொன்னது. சித்திரை வெயிலில் வீட்டு வளவு (உள்முற்றம்) எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், பீய்ச்சியதும் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். கதவுத் தட்டில் அல்ல, உள்ளே பின்பக்கம். அங்கே 4 நாள் வரை இருக்கலாம்.

பெரியவர்கள் பழக்கத்தில் பாலை அடுப்பில் வைத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கொதித்தால் எதிர்ப்புப் புரதங்கள் சிதைந்துவிடும். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்தினால் போதும். மேலே மஞ்சளாக ஆடை திரண்டு, அடியில் நீலம் பாய்ந்த தண்ணீராகத் தெரிந்தால் பால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல; கொழுப்பு பிரிந்திருக்கிறது. புட்டியை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துப் புகட்டுங்கள். பிள்ளை குடித்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ராத்திரி பால் கொடுக்க எழுந்தால் குழல்விளக்கைப் போடாதீர்கள், மங்கலான பல்பு போதும். பளிச்சென்ற வெளிச்சம் அம்மாவின் உடலில் மெலடோனின் சுரப்பதைக் குறைக்கும்.

இரவுப் புட்டி தீர்ந்துபோய்ப் பிள்ளை அழுதால் பகல் புட்டியை எடுங்கள். வேளையை விடப் பசி முக்கியம். குறைமாதப் பிள்ளை என்றால் சேமிக்கும் கெடு இதைவிடக் குறைவாக இருக்கும். மருத்துவர் சொல்லும் அளவையே வையுங்கள்.