சீனாவின் சுங்க, உப்பு வரி ஒப்பந்தங்களைப் படிப்பது எப்படி

சீனாவோடு வல்லரசுகள் போட்ட பழைய ஒப்பந்தம் ஒன்று கையில் கிடைத்தால் வரி எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் தேடத் தோன்றும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வசூலான பணம் எங்கே போய்ச் சேர்கிறது, யார் கையெழுத்துப் போட்டால் அதை எடுக்கலாம், இந்த இரண்டையும் தேடிப் பிடியுங்கள்.

சதவீதம் ஏமாற்றும். பிரிட்டனோடு நடந்த அபினிப் போரில் சீனா தோற்ற பின் 1843இல் சுங்கம் ஏறக்குறைய 5 சதவீதக் கணக்கில் முடிவானது. ஆனால் பெரும்பாலான சரக்குக்கு அதை இவ்வளவு எடைக்கு இவ்வளவு வெள்ளி என்றே எழுதிவிட்டார்கள், சரக்கின் விலை ஏறினாலும் வெள்ளி ஏறாது. அதனால் வரிப் பட்டியலைப் பார்க்கும்போது அந்த வருடத்துச் சந்தை விலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈடு. வெளிநாட்டவருக்கு எதிரான பாக்சர் கிளர்ச்சிக்குப் பின் 1901இல் சீனாமேல் சுமத்திய அபராதம் 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி, 4 சதவீத வட்டி, 39 வருடத் தவணை. ஈடு பற்றிய பகுதியில் சுங்க வருமானத்தின் 'மிச்சம்' என்று வரும். பழைய கடன்களுக்குச் சுங்க வருமானம் ஏற்கனவே அடகில் இருந்தது, அவற்றின் தவணை போக மீதிதான் இதற்கு என்று அர்த்தம். அதனால்தான் உப்பு வரியையும் சேர்த்து எழுதி வாங்கினார்கள். விலை ஏறினாலும் எந்த ஏழை வீடும் உப்பை விட முடியாது, கடன் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல ஈடு எது? இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

சரி, பழகிப் பார்க்க 1913 ஏப்ரல் கடனை எடுங்கள். சீன அதிபர் யுவான் ஷிகாய் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் ஐந்து நாட்டு வங்கிகளிடம் வாங்கியது. பத்திரத்தில் 2.5 கோடி பவுன், நூற்றுக்கு 84 வீதம் கைக்கு வந்தது 2.1 கோடி. வட்டியோ முழுத் தொகைக்கும் 5 சதவீதம், அதாவது வருடம் 12.5 லட்சம் பவுன். வந்த பணத்தோடு ஒப்பிட்டால் வட்டி கிட்டத்தட்ட 6 சதவீதம். இந்தக் கணக்கை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து இந்தக் கடன் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இதை நிதானமாகப் படிக்க வேண்டும். பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) உப்பு நிர்வாகத்துக்குச் சீனத் தலைவர் ஒருவர், கூடவே வெளிநாட்டு இணைத் தலைவர் ஒருவர். உப்புப் பணம் வங்கியில் சேரும், இருவரும் கையெழுத்திடாமல் எடுக்க முடியாது. அந்த வெளிநாட்டுப் பதவிக்கு வந்த ரிச்சர்ட் டேன் பிரிட்டிஷ் இந்தியாவின் உப்பு, கலால் துறைத் தலைவராக இருந்தவர். அவர் காலத்தில் உப்பு வருமானம் உண்மையிலேயே உயர்ந்தது. ஆனால் கடன் தவணை போக மீதியைத்தான் சீன அரசு தொட முடிந்தது.

கடைசியாக ஒன்று. இந்தக் கடன் கையெழுத்தாவதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க அதிபர் வில்சன், இதில் சேர இருந்த தன் நாட்டு வங்கிகளுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டார். இந்த நிபந்தனைகள் சீனாவின் நிர்வாகச் சுதந்திரத்தையே தொடுகின்றன என்பது அவர் சொன்ன காரணம். அந்த அறிக்கையையும் ஐந்தாவது பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.